பினாங்குக் காயில்

ஓடுகிற சாமானைக் கழற்றாதே என்று ஒரு மெக்கானிக்கே சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். மெக்கானிக்குகள் அப்படிச் சொல்கிற ஜாதி இல்லை. எனக்கோ அந்த வயதில் கோபம் ஜாஸ்தி, அதைவிட என் வண்டியைப் பற்றிய கர்வம் ஜாஸ்தி.

அறுபதுகளில் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரம் வரிசையாக நிற்கும் வாடகைக் கார்களில் ஒன்று என்னுடையது. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. சவாரி ஏறியவரை நடுவழியில் இறக்கிவிட்ட பாவம் என் வண்டிக்குக் கிடையாது என்பது ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்.

இது நடந்தது ஒரு பயணத்துக்கு முந்தின நாள். மறுநாள் விடிந்ததும் கிளம்பி என் மனைவியின் தம்பியை நாகப்பட்டினம் கொண்டுபோய்க் கப்பலேற்ற வேண்டும். மச்சான் பினாங்கில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தான். மீசை அரும்பியபோது போனவன், கல்யாணத்துக்கு ஒரு முறை வந்தான், அவன் போனபின் பிறந்த மகளைப் பார்க்க இப்போது மறுமுறை வந்திருந்தான். திரும்பிப் போவதற்கான பெர்மிட் முடியப்போகிறது. இந்தக் கப்பலை விட்டால் அடுத்த கப்பலில் போய் இறங்கினாலும் அங்கே உள்ளே விடமாட்டார்கள். அவன் அனுப்பும் பணத்தில்தான் முதுநகரில் அவன் உம்மா, அதாவது என் மாமி வீட்டு அடுப்பு எரிந்தது. ஆகவே வண்டி நின்றுவிடக் கூடாது. அது ஒன்றுதான் என் தலையில் இருந்தது.

மஞ்சக்குப்பத்து ஷெட்டில் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தோம். நாலும் அடுப்புக்கரி. புதுசு போட்டாயிற்று. அப்போதுதான் காயில் பேச்சு வந்தது. பேட்டரி கொடுக்கிற சின்ன கரண்டைப் பெரிதாக்கிப் பிளக்குக்கு அனுப்புகிற உருளை அது. பால் டம்ளர் உயரத்தில் இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அது செத்தால் பிளக்கில் பொறி வராது. பொறி வராவிட்டால் கார் வெறும் தகரம். என் வண்டியில் இருந்தது வண்டியோடு பிறந்த காயில்.

"புது பிளக்குக்குப் பழைய காயில் தாங்குமா?" என்று கேட்டேன்.

மெக்கானிக் காயிலைத் தொட்டுப் பார்த்தார். "லேசா சூடு இருக்குது பாய். அது எப்பவும் இருக்கறதுதான். பிளக்க மாத்துனா காயிலயும் மாத்தணும்னு எந்தச் சட்டத்துல இருக்குது? செருப்பு மாத்தறப்ப கால மாத்துவமா? ஓடறத ஓட வுடு."

"எண்பது மைல் போகணும். நடுவுல செத்துச்சுன்னா?"

"செத்துச்சுன்னா செத்துச்சு. புதுசு மட்டும் சாவாதா?"

இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. பயந்துபோனவனுக்கு எந்தப் பதிலும் பிடிக்காது. அன்றைக்கு நான் நன்றாகப் பயந்திருந்தேன்.

என் வீட்டு அலமாரியில் இன்னொரு காயில் இருந்தது. மச்சான் இந்த முறை வந்தபோது எனக்கென்று பினாங்கிலிருந்து வாங்கிவந்தது. மாமிக்குப் போர்வை, என் மனைவிக்கு வாசனைத் தைலம், எனக்குக் காயில். பளபளவென்று செம்புநிறத்தில் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் பட்டுக்காகிதத்திலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி சுற்றி வைப்போம். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் சீமைச் சாமானுக்கு அப்படி ஒரு மரியாதை. பிஸ்கட் தீர்ந்தாலும் டப்பா கூடத்தில் கொலுவிருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கமாட்டோம். கப்பலில் வந்தது என்றால் அதற்குமேல் என்ன பார்ப்பது?

மச்சான் ஷெட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். "போடுங்க மச்சான். வாங்கிட்டு வந்து அலமாரியிலயே கெடக்குது," என்றான். ஆசையாகத்தான் சொன்னான். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் காயிலைக் கொண்டுவந்தேன்.

மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். ஒரு பிளக்கை வெளியே பிடித்துச் செல்ஃபை அடித்தபோது பொறி நீலமாக, தடித்து, சத்தத்தோடு பாய்ந்தது. பழைய காயிலில் அப்படி ஒரு பொறியை நான் பார்த்ததே இல்லை.

"பார்த்தீங்களாண்ணே?" என்றேன்.

"பார்த்தேன், பார்த்தேன்," என்றார் அவர், சிரிக்காமல்.

"கழட்டுனத டிக்கியில போட்டுடுங்க," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

மறுநாள் சுபுஹு தொழுகை முடிந்து கிளம்பினோம். எங்கள் தெருவில் ஒருவன் பயணம் போகிறான் என்றால் தெருவே வந்து நிற்கும். துஆ ஓதி, வாசற்படி தாண்டியபின் அவன் திரும்பி வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. மறந்த சாமான் மறந்ததுதான். மச்சானின் மகளை மாமி இடுப்பில் வைத்திருந்தார். அவன் மனைவி கதவோரம் நின்றாள். அவன் பிள்ளையைத் தொடாமல், பார்க்காமல், சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். தகரப்பெட்டியும் படுக்கைச் சுருட்டும் டிக்கியில்.

தெருக்கோடியில் வண்டி ஒரு தரம் விக்கியது. ஒரே ஒரு விக்கல். திரும்பி மஞ்சக்குப்பத்துக்குப் போய் ஒரு பார்வை பார்க்கலாமா என்று நினைத்துக் காலை பிரேக்கில் வைத்தேன். பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

"திரும்பாதீங்க! திரும்பாதீங்க! நேரா போங்க!"

நேராகப் போனேன்.

ஆலப்பாக்கம் தாண்டும்வரை வண்டி குதிரையாகத்தான் போனது. புதுச்சத்திரம் நெருங்கும்போது வேகம் விழுந்தது. மிதித்தால் திணறியது. கடைசியில் ஒரு புளியமரத்தடியில் உருண்டுபோய் நின்றது. பானட்டைத் திறந்தேன். புதுப் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தேன். பெட்ரோல் குழாயை வாயால் ஊதினேன். வாயெல்லாம் பெட்ரோல். எல்லாவற்றையும் மாட்டிச் செல்ஃபை அடித்ததும் பிடித்துக்கொண்டது. "பெட்ரோல்ல குப்பை," என்று மச்சானிடம் தீர்ப்புச் சொன்னேன்.

வெள்ளாற்றுக்கு முன்னால் மறுபடி நின்றது. இப்போது வெயில் ஏறிவிட்டது. மறுபடி பிளக், மறுபடி குழாய், கார்புரேட்டர். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அடுத்தடுத்து இரண்டு பஸ்கள் எங்களைக் கடந்து போயின. இரண்டாவது பஸ்ஸின் ஜன்னலில் யாரோ என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அல்லது அப்படி எனக்குத் தோன்றியது.

மச்சான் இறங்காமல் உட்கார்ந்தபடியே கேட்டான். "காயிலா இருக்குமோ மச்சான்?"

"நீ வாங்கிட்டு வந்த காயிலா? பொறி அடிச்சத நீயும்தானே பார்த்த? வண்டியப் பத்தித் தெரியாதவன்லாம் வாயத் தொறக்காதீங்கப்பா," என்று கத்தினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். சூடு ஆறினால் ஓடுகிறது, ஏறினால் நிற்கிறது. சின்னப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. என் சந்தேகம் பெட்ரோல் பங்க்மேல் போயிற்று, பிளக்மேல் போயிற்று, ராத்திரி பெய்த பனிமேல்கூடப் போயிற்று. சீமைச் சாமான்மேல் மட்டும் போகவில்லை.

திணறித் திணறிச் சிதம்பரம் ஊருக்குள் நுழைந்தோம். கடைத்தெரு திரும்பும் முனையில் பானட்டுக்குள்ளிருந்து தார் உருகும் நாற்றம் வந்தது. வண்டி அப்படியே செத்துவிட்டது. திறந்தால் செம்புநிறக் காயிலின் தலை வெடித்துக் கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது. தொட்ட விரல் பொத்துப்போயிற்று.

பக்கத்தில் ஒரு பேட்டரிக் கடை. கடைக்காரர் வந்து துணியால் பிடித்துக் காயிலைச் சாய்த்து அடியில் பார்த்தார்.

"உங்க வண்டி பன்னெண்டு வோல்ட்டு. இது ஆறு வோல்ட்டு காயில். டபுள் கரண்டு ஏறி வெந்துபோச்சு. ஆரம்பத்துல பொறி அமர்க்களமா அடிச்சிருக்குமே?"

"அடிச்சுது," என்றேன்.

அடியில் பொடி எழுத்தில் அந்த எண் இருந்தது. வந்த நாளிலிருந்து எத்தனை பேருக்கு எடுத்துக் காட்டியிருப்போம்! ஒருவர்கூடத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கவில்லை.

காயில் விற்கும் ஸ்பேர்ஸ் கடை பூட்டிக் கிடந்தது. அன்று பெரிய முகூர்த்த நாளாம். கடைக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஸ்டாண்டுக்கு ஓடினேன். வாடகைக் கார் ஒன்றுகூட இல்லை. எல்லாம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் பெண்ணழைப்புக்கும் போயிருந்தன. தொழிலில் இருக்கிறவன் முகூர்த்த நாள் பார்த்து வைத்திருக்க வேண்டும். ரயில் போய்விட்டிருந்தது. பஸ்ஸில் போனால் வழியில் மாறி ஏற வேண்டும். பெட்டியும் படுக்கையுமாக மாலை அசர் தொழுகை நேரத்துக்குள் நாகப்பட்டினத்தில் இருக்க முடியாது. அதற்குள் இல்லையென்றால் கரையிலிருந்து ஆட்களைக் கப்பலுக்கு ஏற்றிப்போகும் படகு போய்விடும். பள்ளிவாசலில் மதிய லுஹர் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

திரும்பி வந்தபோது பேட்டரிக் கடைக்காரர் சொன்னார்: "பழைய காயில் எங்க? அத மாட்டுனா இப்பவே ஓடும்."

எனக்கு உயிர் வந்தது. டிக்கியைத் திறந்து பெட்டியை இழுத்துப் போட்டேன். படுக்கையை அவிழ்த்து உதறினேன். ஸ்டெப்னி சக்கரத்தைத் தூக்கினேன். ஜாக்கி, ஸ்பேனர், ஒரு பழைய துண்டு. காயில் இல்லை.

அவ்வளவுதான். நடுத்தெரு என்றும் பார்க்காமல் ஆரம்பித்தேன். "திருட்டுப் பய! டிக்கியில போடச் சொன்னா வித்துத் தின்னுட்டான்! அதான் நேத்து மொகத்த அப்படி வெச்சிருந்தான். ஊருக்குப் போனதும் அவன் ஷெட்டுக்கு முன்னாடி எல்லா டிரைவரையும் கூப்பிட்டு வெச்சுக் கேக்கறேன். இனிமே ஒருத்தன் அவன்கிட்ட வண்டி வுடமாட்டான். அவன் கைய ஒடிக்கல, நான்..."

"மச்சான்."

அவன் வண்டியைவிட்டு இறங்கியிருந்தான். கூடையைத் தரையில் வைத்துப் புளிச்சோற்றுப் பொட்டலத்தை எடுத்தான். அதன் கீழே செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"அந்த ஆளத் திட்டாதீங்க. அவரு திருடல. நேத்து நீங்க கை கழுவப் போனப்ப என் கையில குடுத்து டிக்கியில வெக்கச் சொன்னாரு. கையில இருந்த கூடையில போட்டேன், அதுலயே இருந்துச்சு."

காகிதத்தைப் பிரித்தேன். என் பழைய காயில். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். நான் அலைந்த அத்தனை நேரமும் வெண்ணெய் அவன் மடியில் இருந்திருக்கிறது.

"மறந்துட்டியா?" என்றேன்.

"மொதல்ல மறந்துதான் போனேன். புதுச்சத்திரத்துல நின்னப்ப ஞாபகம் வந்துச்சு."

"அப்பவே குடுத்திருக்கலாம்ல?"

அவன் புளிச்சோற்றுப் பொட்டலத்தைத் திரும்பக் கூடைக்குள் வைத்தான். எனக்கு அவனை அறையத் தோன்றியது. கையை ஓங்கவும் செய்தேன். பேட்டரிக் கடைக்காரர் நடுவில் வந்து காயிலை வாங்கிக்கொண்டார். அவரே மாட்டினார். முதல் செல்ஃபிலேயே வண்டி பிடித்தது. பழைய, பழகிய சத்தம்.

"அடிச்சிப் போனா புடிச்சுடலாம்," என்றார்.

தெற்கே கொள்ளிடம் பக்கம் விட்டேன். அவ்வளவு வேகமாக நான் வண்டி ஓட்டியதில்லை. மாட்டுவண்டிக்காரர்கள் திட்டினார்கள். காயில் ஒரு விக்கல்கூட விக்கவில்லை. நேரம் இருந்தது. இப்படியே போனால் அசருக்கு முன்னால் போய்விடலாம், என் பெயரும் கெடாது.

ஊர் எல்லை தாண்டியபின் அவன் தானாகவே பேசினான்.

"வண்டி நின்னுட்டா தேவலன்னு இருந்துச்சு மச்சான்."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நானா போகலன்னு சொன்னா எல்லாரும் கேப்பாங்க. உம்மா கேக்கும், தெரு கேக்கும், பொண்ணு குடுத்த வூட்டுல கேப்பாங்க. ஆம்பளப் புள்ள பயணம் போகாம வூட்டுல குந்தியிருக்கறானேன்னு காறித் துப்புவாங்க. வண்டி நின்னு கப்பல் போயிடுச்சுன்னா யாரு என்னா கேக்க முடியும்?"

"அங்க என்னா கொறச்சல் உனக்கு?"

"ஒரு கொறச்சலும் இல்ல. கடை சாத்துனப்பறம் கல்லாப் பலகைக்குக் கீழ படுத்துக்குவேன். மொதலாளி நல்ல மனுஷன்." மடியில் இருந்த கூடையை நகர்த்தி வைத்தான். "வந்ததுலேருந்து பாப்பா என்னைப் 'பெட்டி மாமா'ன்னுதான் கூப்புட்டுகிட்டிருந்துச்சு. பெட்டியோட வந்தேன்ல. கிட்டப் போனா ஓடிடும். நேத்துதான், நேத்து சாயங்காலந்தான் 'அத்தா'ன்னுச்சு."

இதைச் சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அழுதானா என்று நான் பார்க்கவில்லை. எனக்கே கண் கரித்தது. பெட்ரோல் என்று நினைத்துக்கொண்டேன்.

கொள்ளிடம் பாலம் தெரிந்தது. அதைத் தாண்டிவிட்டால் நேரே கப்பல்தான். எனக்கு அப்போது இரண்டு கோபம் சேர்ந்து வந்தது. ஒன்று, இப்படி ஒரு காரியத்துக்கு என் வண்டியைப் பிடித்தானே என்று. இன்னொன்று, ஒரு மனுஷன் போகப் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு ஒரு காயில் வேக வேண்டியிருக்கிறதே என்று. மாமி வீட்டு அடுப்பையும் நினைத்தேன். என் வீட்டு அடுப்போடு அதையும் இந்த ஒரு வண்டியே எரிக்க வேண்டியிருக்கும். அவனுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்து, ஒருவர் பகலும் ஒருவர் இரவும் ஓட்டினால் எரியாதா? எரிந்தாலும் எரியும். எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரியாது.

பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டினேன். சாவியைத் திருப்பினேன். இஞ்சின் அடங்கியது.

"என்னாச்சு மச்சான்?"

"வண்டி நின்னுடுச்சு," என்றேன்.

அவன் சாவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இனிமே ஓடாது. காயில் எரிஞ்சுபோச்சு. எறங்கு. ஒரு லாரிய நிறுத்துவோம்."

அவன் இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கூடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நான் கீழே நின்று பீடி பற்றவைத்தேன்.

வண்டி தன் காலில் ஓடிப்போய் முதுநகரில் நின்றால், அப்புறம் நாகப்பட்டினம் போக என்ன கேடு என்று கேட்பார்கள். ஆகவே கயிறு வேண்டும். மணிலாக்கடலை மூட்டை ஏற்றிக் கடலூர் துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒன்று நின்றது. அதன் டிரைவர் எனக்கு முகம் தெரிந்த ஆள். கயிறு கட்டும்போது பானட்டைத் திறந்து பார்க்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

"என்னா பாய், நிக்காத வண்டின்னு ஊரெல்லாம் சொல்லுவ? கடைசியில தாம்புக் கயித்துல கட்டுன மாடா?"

"ஆமாண்ணே," என்றேன். அது வெறும் ஆரம்பம்தான். மறுநாள் முதல் ஸ்டாண்டில் என் வண்டிக்குக் 'கயித்து வண்டி' என்று பெயர் வைத்தார்கள். அந்த வண்டியை விற்கும்வரை அந்தப் பெயர் போகவில்லை.

நல்ல இஞ்சினை அடக்கி வைத்துக்கொண்டு, முன்னே போகும் லாரியின் புழுதியைத் தின்றுகொண்டு, ஸ்டியரிங்கை மட்டும் பிடித்தபடி அந்த வழி முழுக்க வந்தேன். சிதம்பரத்துக் கடைத்தெருவில் பேட்டரிக் கடைக்காரர் எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தார். நான் அவருக்கு ஸலாம் வைத்தேன்.

பொழுது சாய்ந்து மஃரிபு நேரத்தில் தெருமுனையில் கயிற்றை அறுத்துவிட்டு லாரி போயிற்று. காலையில் வழியனுப்பிய அதே கூட்டம் ஓடிவந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது. மாமி வாசலில் நின்றார். மகனைப் பார்த்தார், வண்டியின் மூக்கில் தொங்கிய அறுந்த கயிற்றுத் துண்டைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அல்லா நாடல, நீ என்னா பண்ணுவ," என்று மகனை அணைத்துக்கொண்டவர், என் பக்கம் திரும்பினார். "ஊரு ஒலகத்துக்கெல்லாம் ஓட்டறீங்களே, என் புள்ளைக்கு இந்த ஒரு நாளு ஒழுங்கா ஓட்டக் கூடாதா? வண்டியா வெச்சிருக்கீங்க? அவன் பொழப்பக் கெடுத்துட்டீங்களே!"

தெருவே என்னைப் பார்த்தது. என் மனைவியும் பார்த்தாள். வண்டியைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் நான் ஒன்பது சொல் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். பயந்துபோய் முன்னால் வந்து நின்றாள். மச்சானின் மகள் கூட்டத்துக்குள் புகுந்து, "அத்தா, பெட்டி எங்க?" என்று அவன் லுங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"உம்மா, மச்சான ஒண்ணும் சொல்லாத. அது வந்து..." என்று மச்சான் வாயைத் திறந்தான்.

நான் அவன் காலை மிதித்தேன்.

"ஆமா மாமி," என்றேன், "என் வண்டிதான் நின்னுடுச்சு."